கைக்குழந்தையோடு பசிபிக் தீவுகளுக்கு

(ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)

 

செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, ஒரு கால் மணி நேரம் பேசணும். தலைப்பு உன் இஷ்டம். ஆனா கம்ப்ரஸர், கண்டென்ஸர்னு ஆரம்பிச்சிடாதே, வீட்டுக்காரம்மா எல்லாம் வர்றாங்க" என்று ஒரு நிபந்தனை போட்டார். நான் மெக்கானிக்கல் படித்து, குளிர்பதனத் துறையில் பிழைப்பவன். குளிர் அறை அமைப்பதுதான் என் தொழில். அதை விட்டுவிட்டு வேறென்ன பேசுவது என்று யோசித்தபோது, 2023 ஜூன் மாதம் வேலை விஷயமாக பிஜி தீவுக்கு மூன்று மாதம் போய் வந்தது நினைவுக்கு வந்தது. நடுவில் பத்து நாள் சமோவாவுக்கும் போனோம். போனோம் என்றால் நான், என் மனைவி, அப்போது பத்து மாதம் முடிந்திருந்த எங்கள் மகள். அந்தப் பயணத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இங்கே கையில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் பலர். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறவர்களும் பலர். அவர்களுக்குப் பயன்படட்டும்.

விஷயத்தைச் சொன்னதும் வீட்டில் நடந்ததை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். "பல்லுகூட முழுசா முளைக்கல, இதைத் தூக்கிக்கிட்டு நடுக்கடல்ல இருக்கிற ஊருக்கா?" என்று அம்மா. மாமனார் அட்லஸைப் பிரித்து வைத்துக்கொண்டு, "எங்க மாப்பிள்ளை இருக்கு? பேனா மை சிந்தின மாதிரி நாலு புள்ளிதான் தெரியுது" என்றார். மாமியார் ஒன்றும் பேசாமல் கடைக்குப் போய், குழந்தைக்கு வசம்பு வளையல் வாங்கி வந்து கட்டிவிட்டார். அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம்!

அடுத்து குழந்தை மருத்துவர். அங்கே என்னென்ன வரும், எதற்கு என்ன மருந்து என்று ஒரு பெரிய பட்டியலோடு போனோம். பொறுமையாகப் பதில் சொன்னார். முதலில் நல்ல சேதி: பிஜியிலும் சமோவாவிலும் மலேரியா கிடையாது. அதே பசிபிக்கில் சாலமன் தீவுகள், வனுவாட்டு, பப்புவா நியூகினி பக்கம் போனால் உண்டு. ஆனால் டெங்கு எல்லாத் தீவிலும் வந்து போகும். டெங்குக் கொசு பகலில் கடிக்கிற கொசு. அதனால் ராத்திரி வலை கட்டுவது போதாது, குழந்தை பகலில் தூங்கும்போதும் கட்ட வேண்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழையும் புயலும். மே முதல் அக்டோபர் வரை காய்ந்த காலம், வெயிலும் இதமாக இருக்கும். நாங்கள் ஜூனில் போனது நல்லதாகப் போயிற்று. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெயில் தடுப்பு கிரீம் தடவ வேண்டாம், நிழலும் முழுக்கைப் பருத்திச் சட்டையும் தொப்பியும்தான் அதற்கு மருந்து. உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகள் பத்தாவது பெட்டியில் இருக்கட்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு டாக்டர் கேட்டார்: "அங்கே குழந்தைக்கு என்ன வரும்னு கேட்டீங்க, சரி. நீங்க மூணு பேரும் அங்கே என்ன கொண்டு போறீங்கன்னும் பார்க்கணும் இல்லையா? உங்களுக்குத் தட்டம்மை ஊசி எத்தனை டோஸ் போட்டிருக்கு?"

குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் எம்.ஆர். ஊசி போட்டாகிவிட்டது. எங்களுக்கு? நான் பிறந்தது 1988. நம் நாட்டில் தட்டம்மைத் தடுப்பூசி அரசுத் திட்டத்தில் சேர்ந்தது 1985இல். இரண்டாவது டோஸ் அரசுத் திட்டத்துக்கு வந்ததோ 2010இல்தான். ஆக, அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்ட நம் வயதுக்காரர்களில் ரொம்பப் பேருக்கு ஒரு டோஸ்தான். அன்றைக்கே எனக்கும் என் மனைவிக்கும் ஊசி போட்டார். தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் இதைப் போட்டுக்கொள்ளலாம், பயமில்லை. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால் அதற்குப் பிறகுள்ள தேதியில் டிக்கெட் எடுத்தோம். டாக்டர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது அங்கே போன பிறகு இன்னும் நன்றாகப் புரிந்தது. அதுதான் என் பேச்சின் சாரம். வழியில் நடந்ததைச் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம். அங்கிருந்து பிஜியின் நாண்டி விமான நிலையம் பத்து மணி நேரம். (ஆங்கிலத்தில் எழுதியதைப் பார்த்தால் 'நாடி' என்று படிப்போம். அந்த ஊர் எழுத்தில் 'ட'வுக்கு முன்னால் ஒரு 'ண்' ஒளிந்திருக்கும்.) விமானத்தில் தடுப்புச் சுவருக்கு எதிரே உள்ள இருக்கைகளில்தான் குழந்தைத் தொட்டில் மாட்ட முடியும். டிக்கெட் எடுக்கும்போதே சொல்லி வைக்க வேண்டும். தொட்டிலுக்கு எடை வரம்பும் உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். அண்ணன் மன்னிக்க வேண்டும், இங்கே கொஞ்சம் இன்ஜினியரிங் வருகிறது. பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் இருக்கிற அளவுதான். இறங்கும்போது ஊட்டியிலிருந்து கடற்கரைக்கு அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறோம். நாம் எச்சில் விழுங்கிக் காதடைப்பைச் சரி செய்துகொள்கிறோம். குழந்தைக்கு அது தெரியாது, அழும். அதனால் இறங்க ஆரம்பித்ததுமே தாய்ப்பால் கொடுத்துவிட வேண்டும். உறிஞ்சி விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். எங்கள் மகள் இறங்கியது தெரியாமல் தூங்கிப் போனாள். அந்தத் தூக்கத்துக்கும் சேர்த்து அடுத்த ஒரு வாரம் எங்களை வட்டியோடு விழிக்க வைத்தாள். பிஜி நேரம் நமக்கு ஆறரை மணி நேரம் முன்னால். அங்கே நடுராத்திரி பன்னிரண்டு என்றால் அவள் கணக்கில் சாயங்காலம் ஐந்தரை, விளையாடும் நேரம்! தெர்மோடைனமிக்ஸ் பரீட்சைக்கு முந்தின ராத்திரிகூட நான் அப்படி விழித்ததில்லை.

பிஜியில் முந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகள். இறங்கினதும் காதில் விழுகிற முதல் வார்த்தை 'புலா'. வணக்கம், வாழ்க, சௌக்கியமா எல்லாம் அதற்குள் அடக்கம். நம்மைப் பார்த்து ஒரு தடவை சொன்னால் குழந்தையைப் பார்த்து நாலு தடவை சொல்கிறார்கள். அங்கே குழந்தை என்பது பெற்றவர்களின் சொத்து மட்டும் இல்லை, ஊருக்கே பொது. சாப்பிட உட்கார்ந்தால் பரிமாறுகிற பெண், "நீங்க நிம்மதியா சாப்பிடுங்க" என்று சைகை காட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் நாலு கை மாறியிருக்கும். அவர்கள் மரபில் மற்றவர் தலையைத் தொடுவது மட்டும் மரியாதைக் குறைவு. அதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

சாப்பாட்டுக்கும் குறைவில்லை. 'தாலோ' என்கிறார்களே, அது நம்ம சேப்பங்கிழங்குதான், ஆனால் ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. மரவள்ளி, சர்க்கரைவள்ளி, பப்பாளி, வாழைப்பழம் எல்லாம் சந்தையில் குவிந்து கிடக்கும். கிழங்கை நன்றாக வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டு மசித்துக் கொடுத்தோம். அரைவேக்காடாக இருந்தால் தொண்டை அரிக்கும், ஜாக்கிரதை. சின்னத் தீவுகளுக்குப் படகில் போகும்போது, குழந்தை அளவில் மிதவைச் சட்டை இருக்கிறதா என்று ஏறும் முன்பே கேளுங்கள். பெரியவர்கள் சட்டை குழந்தைக்கு உதவாது.

நாண்டி ஊரில் முருகன் கோயில் ஒன்று, நம் ஊர்க் கோபுரத்தோடு, வண்ணம் பூசி நிற்கிறது. அங்கே ஒரு வயதான அம்மாள் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தார். பேசியதெல்லாம் பிஜி இந்தி. அவருடைய தாத்தா வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவராம். பேத்திக்குத் தமிழில் மிஞ்சியிருந்தவை நாலைந்து வார்த்தைகள். அதில் ஒன்று 'பாப்பா'. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லி என் மகளைக் கொஞ்சினார். எனக்குத் தொண்டையை அடைத்தது.

நம்மவர்கள் அந்தக் கடல் நடுத் தீவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று விசாரித்தபோதுதான் டாக்டரின் கேள்வி மறுபடி எதிரே வந்து நின்றது.

1874 அக்டோபரில் பிஜி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பெரிய தலைவர் தாகொம்பாவ் தம் மக்களோடு சிட்னிக்கு விருந்தாளியாகப் போனார். அங்கே அவருக்குத் தட்டம்மை கண்டது. 1875 ஜனவரியில் 'டிடோ' என்ற போர்க்கப்பல் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கியபோது, கூட வந்தவர்களுக்கு நோய் இன்னும் இருந்தது. ஒதுக்கி வைக்காமல் கரையில் இறக்கினார்கள். தலைவரைப் பார்க்க எல்லாத் தீவுகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள், அவரவர் ஊருக்கு நோயையும் எடுத்துப் போனார்கள். சில மாதங்களில் இறந்தவர்கள் சுமார் 40,000 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாலில் ஒரு பங்குக்கு மேல். அதற்குப் பிறகு, இருக்கிற மக்களைத் தோட்ட வேலைக்கு இழுக்கக் கூடாது என்று கவர்னர் கார்டன் இந்தியாவிலிருந்து ஆள் வரவழைத்தார். அதற்கான காரணங்களில் இந்த மக்கள் இழப்பும் ஒன்று. 1879 மே மாதம் கல்கத்தாவிலிருந்து முதல் கப்பல் 'லியோனிடாஸ்' வந்தபோது, அதிலும் காலராவும் பெரியம்மையும் இருந்தன. இந்தத் தடவை விடவில்லை. கப்பலில் வந்தவர்களைப் பக்கத்தில் ஒரு குட்டித் தீவில் ஒதுக்கி வைத்த பிறகே உள்ளே விட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிக் கப்பல்கள் போயின. கோயிலில் பார்த்த அம்மாளின் தாத்தா வந்த வழி அது.

ஏன் தீவுகளை மட்டும் இந்த நோய் இப்படி அடிக்கிறது? தட்டம்மை ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றக்கூடியது. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கும். ஓர் ஊரில் அது தொடர்ந்து இருக்க வேண்டும் என்றால் புதிது புதிதாகக் குழந்தைகள் பிறந்துகொண்டே இருக்க வேண்டும், சில லட்சம் ஜனத்தொகை வேண்டும். சின்னத் தீவில் அது தங்க முடியாது. வந்தால் எல்லோரையும் பிடித்துவிட்டு அணைந்துவிடும். அப்புறம் பல வருஷம் வராது. அதற்குள் நோயையே பார்க்காத ஒரு தலைமுறை வளர்ந்துவிடும். சுற்றியிருக்கும் கடல்தான் அவர்களுக்குக் கோட்டை. பாய்மரக் கப்பல் காலத்தில் நோய் கண்டவர்கள் நடுக்கடலிலேயே குணமாகிவிடுவார்கள், அல்லது இறந்துவிடுவார்கள். இன்றைக்கு? உடம்பில் கிருமி புகுந்து காய்ச்சல் வரப் பத்து நாள் ஆகிறது. ஆக்லாந்திலிருந்து சமோவாவுக்கு விமானம் நாலு மணி நேரம்கூட இல்லை. சிரித்துக்கொண்டே வந்து இறங்கலாம்.

அப்படித்தான் 2019இல் நியூசிலாந்திலிருந்து சமோவாவுக்குத் தட்டம்மை வந்தது. ஜனத்தொகை சுமார் இரண்டு லட்சம். அதற்கு முந்தின வருஷம், 2018 ஜூலையில், அங்கே ஒரு துயரம் நடந்திருந்தது. தடுப்பூசித் தூளைத் தண்ணீருக்குப் பதில் வேறொரு மருந்தில் கலக்கிப் போட்டதில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்துபோயின. தப்பு கலக்கினதில், ஊசியில் இல்லை. ஆனால் ஊசித் திட்டமே பல மாதம் நின்றது, வதந்தி பரவியது, தாய்மார்கள் பயந்தார்கள். பயப்படாமல் எப்படி இருப்பார்கள்? ஊசி போட்ட குழந்தைகளின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. தட்டம்மையைத் தடுக்க நூற்றுக்கு 95 பேர் வேண்டும். சில மாதங்களுக்குள் 5,700 பேருக்கு மேல் நோய் கண்டு 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். அதே சமயத்தில் பிஜிக்கும் டோங்காவுக்கும் நோய் எட்டிப் பார்த்தது. அங்கே ஊசி ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

2019 டிசம்பர் 5, 6 தேதிகளில் சமோவா அரசாங்கம் அலுவலகங்களை மூடிவிட்டு, வீடு வீடாக ஊசி போட ஆட்களை அனுப்பியது. ஊசி போடாதவர்கள் இருக்கிற வீட்டு வாசலில் ஒரு சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். நம்ம ஊரில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவோம். 'உள்ளே வராதே' என்று அதற்கு அர்த்தம். அவர்கள் கட்டின சிவப்புத் துணிக்கு 'தயவுசெய்து உள்ளே வாங்க' என்று அர்த்தம். மாத முடிவுக்குள் 95 சதவீதத்தை எட்டினார்கள்.

நாங்கள் போனபோது இதெல்லாம் நடந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. சமோவாவில் குடும்பக் கல்லறைகளை வீட்டு முற்றத்திலேயே கட்டுவது வழக்கம். நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு முற்றத்தில், பெரிய கல்லறைகளுக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கல்லறை. வெள்ளை அடித்து, தினமும் பூ வைத்திருப்பார்கள். 2019 என்று எழுதியிருந்தது. என்ன நோய் என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டுப் பாட்டி ஒருநாள் என் மகளைப் பார்த்துக் கையை நீட்டினார். நீட்டின கையை நடுவிலேயே நிறுத்தி, "இவளுக்குத் தட்டம்மை ஊசி போட்டாச்சா?" என்று கேட்டார். "போட்டாச்சும்மா, எங்களுக்கும் போட்டாச்சு" என்றேன். முகம் மலர்ந்தது. ஆனால் தூக்கவில்லை. "எனக்கு இன்னைக்குச் சளி. நாளைக்குத் தூக்கறேன்" என்று இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு, அங்கிருந்தே பாடினார். மறுநாள் அவருக்குச் சளி குறையவில்லை. மூன்றாம் நாள்தான் வந்து தூக்கினார்.

நண்பர்களே, பொது சுகாதாரம் என்று புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்களே, அது முழுவதும் அந்த இரண்டடியில் இருந்தது.

நம்ம ஊருக்கு இது சம்பந்தமில்லாத கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் எம்.ஆர். ஊசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். படித்தவர்களே அனுப்பினார்கள். நான் குளிர் அறை கட்டுகிறவன். தடுப்பூசியை தொழிற்சாலையிலிருந்து குழந்தையின் கை வரை 2 முதல் 8 டிகிரிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு என்ன பாடு என்பது எனக்குத் தெரியும். பிஜியில் மின்கம்பி எட்டாத தீவுகளுக்குச் சூரிய சக்திக் குளிர்பெட்டியைப் படகில் ஏற்றிப் போகிறார்கள். அவ்வளவு சிரமப்பட்டு வந்து சேருகிற மருந்தை ஒரு குறுஞ்செய்தி கெடுத்துவிடும். வெப்பத்தைத் தடுக்க எங்களிடம் காப்புப் பொருள் இருக்கிறது. வதந்தியைத் தடுக்க மனிதர்கள்தான் வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் உலகம் முழுக்கச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். எம்.ஆர். இரண்டு டோஸும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே உங்கள் கணக்கையும் டாக்டரிடம் கேளுங்கள். குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆகவில்லை, அதற்குள் வெளிநாடு போகிறீர்கள் என்றால், ஆறு மாதத்துக்கு மேல் முன்கூட்டியே ஒரு டோஸ் போடுவது உண்டு. அது கணக்கில் சேராது, பிறகு இரண்டும் போட வேண்டும். அதையும் டாக்டரிடம் கேளுங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஊசி போட முடியாது. அதற்குச் சுற்றியிருக்கிற நாம்தான் ஊசி.

பிறகு தைரியமாகக் கிளம்புங்கள். தீவுகள் அழகு, மனிதர்கள் அதைவிட அழகு. உங்கள் குழந்தையை முன்பின் தெரியாதவர்கள் ஓடி வந்து தூக்குவார்கள். தயங்காமல் கொடுங்கள். அப்படிக் கொடுக்கிற தகுதியோடு போங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கம்ப்ரஸர் என்ற வார்த்தையை ஒரு கால் மணி நேரம் அடக்கி வைத்த எனக்கும் செயலாளர் அண்ணன் ஒரு காபி தருவார் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.